துலுக்காத கிடாய்

அந்த நடிகையிடம் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நான் படாத பாடு பட்டேன். கிடைக்கவில்லை. அவள் மேல் எனக்கு வந்த முதல் கோபமே அதுதான்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு முட்டைக்கோழிப் பண்ணை நொடித்துப்போய், ஷெட்டுகள் காலியாகக் கிடந்தன. அதைத்தான் அவள் வாங்கினாள். ஒரு காலத்தில் அவள் படம் ஒட்டாத சுவர் இந்தப் பக்கம் கிடையாது. நல்ல பெயரோடு இருக்கும்போதே நடிப்பை விட்டுவிட்டு, லாரியில் அடிபட்ட நாய், கண் போன காளை, செங்கல் சூளையில் முதுகு புண்ணான கழுதை என்று சேர்க்க ஆரம்பித்தாள். சென்னையில் இடம் போதாமல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். கோழிக்கூண்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த நீள ஷெட்டுகளில் வாயில்லாத ஜீவன்களைக் குடிவைத்தாள். மனிதர்களையும் விடவில்லை. கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு, கேட்பாரற்ற வயசாளிகளுக்கு மத்தியானச் சோறு. வாரத்துக்கு ஒரு தரம் டாக்டரை வரவழைத்துக் கண்ணும் பிரஷரும் பார்க்க வைத்தாள்.

நான் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளந்து வாங்குகிறவள். காலையும் சாயங்காலமும் ஊரே என் முன்னால் கேனோடு நிற்கும். அவள் தும்மினால்கூடச் சேதி முதலில் எனக்குத்தான் வரும்.

"அந்தம்மா கையிலயே சோறு போடறாங்க பாருங்க, என்ன மனசு" என்பார்கள்.

"கேமராக்காரங்க பக்கத்துல நின்னா நானுந்தான் போடுவேன்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அந்த வேலியை ஒட்டிப் புல்லறுக்கப் போனபோது, புழு வைத்த ஒரு நாயின் காதிலிருந்து அவளே இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கேமரா இல்லை, சுற்றி ஆளும் இல்லை. நாய் கடிக்க வந்தது, அவள் அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து ஏதோ சொன்னாள். நான் அரைக்கட்டுப் புல்லோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். முடிக்குச் சாயம் அடிப்பதில்லை. அந்த நரைகூட அவளுக்கு எடுப்பாக இருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். என் தலை நரைத்தபோது "ஏனுங்க அக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்றுதான் கேட்டார்கள்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. இதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். வடக்கே போனால் வாரக்கணக்கில் ஆளைக் காணமுடியாது. கல்யாணமான புதிதில் வண்டிக்குப் பூசை போட என்னைக் கேபினில் ஏற்றினார். கண்ணாடிக்கு மேலே சாமி படம், சாமிக்குப் பக்கத்தில் இவள். "ஏனுங்க, இவீங்க எந்தக் கோயில் சாமி?" என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். படத்தைக் கழற்றவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, படத்தில் இருப்பவள் நாமக்கல் பக்கமா வரப்போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு ரோட்டோரத்தில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, வண்டி அவர் காலில் இறங்கிவிட்டது. காலை எடுக்கவேண்டி வரும் என்றார்கள். சேலத்தில் பிளேட் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் என் தலையில்தான். புண்ணைக் கழுவியது, பெட்பேன் எடுத்தது, குளிக்கவைத்தது, காலை நீவிவிட்டது, தோளில் சாய்த்து நிறுத்தியது. எலும்பு கூடிவிட்டது, இனிமேல் நடக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியும் அவர் நடக்கவில்லை. வாக்கரைப் பிடித்து எழுவார், நாலடி வைப்பார், முகம் வெளிறும், உட்கார்ந்துவிடுவார். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு தரம் வாக்கரைத் தூக்கி வெளியே எறிந்தேன். என் இடுப்புதான் போனது.

அப்போதுதான் முனியப்பனுக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டேன். மனுசன் தானாக நடந்தால் கிடாய் வெட்டிப் பொங்கல் வைக்கிறேன் என்று கோயிலில் சூலத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். ஒரு குட்டியை வாங்கி வந்தேன், கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. சொசைட்டியிலிருந்து வந்ததும் முதலில் அதற்குத்தான் தழை போடுவேன். சாமிக்கு விட்ட கிடாய்க்கு எங்கள் பக்கம் பெயர் வைக்க மாட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகினால் அன்றைக்குக் கை வராது.

கிடாய் கொம்பு வைத்து வளர்ந்தது. அவர் நடக்கவில்லை.

அவள் வந்து இறங்கிய அன்று ஊரே பண்ணை கேட்டுக்கு ஓடியது. எனக்குச் சொசைட்டியில் வேலை. பால் ஊற்ற வந்த பங்காளி வீட்டுக்காரர்தான் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, அண்ணன் நல்லா நடக்கறாருங்களே. பண்ணை கேட்டுக்கிட்ட பார்த்தேன். கைத்தடியோடதான் நிக்கறாரு, வாக்கர் இல்லீங்க."

அளந்துகொண்டிருந்த பாலைக் கீழே ஊற்றிவிட்டேன்.

எத்தனை மாதம் நான் தூக்கி நிறுத்திய கால். என் தோளில் பாரம் போட்டு நாலடிக்கு மேல் வைக்காத கால். வீட்டிலிருந்து பண்ணை கேட் வரைக்கும், மேடும் பள்ளமுமான மண் ரோட்டில், ஒரு நடிகையைப் பார்க்கப் போயிருக்கிறது. சாயங்காலம் திரும்பி வந்து, "அம்மிணி, நடந்துட்டேன்" என்றார், பரிசு வாங்கிவந்த பள்ளிக்கூடத்துப் பையன் முகத்தோடு. எனக்குச் சந்தோசம் வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்தச் சந்தோசத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே பொறாமையும் வந்தது. காபி போட்டுக் கொடுத்தேன்.

ஊர் வாயை யார் மூடுவது? "முனியப்பன் செய்யாததை அந்தம்மா செஞ்சுட்டாங்க" என்றார்கள். "கிடாயைக் கோயிலுக்கு ஏனுங்க, பண்ணை கேட்டுலயே கொண்டுபோய்க் கட்டிருங்க" என்று கேனை வைத்துக்கொண்டே கிண்டல் செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து கிடாய்க்குத் தழையை வீசி எறிந்தேன்.

அதன் பிறகு அவர் தினமும் பண்ணைக்குப் போக ஆரம்பித்தார். அடிபட்ட மாட்டை ஏற்றி வரும் வண்டிக்கு ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், இவருக்குக் கிளட்ச் மிதிக்கும் கால் திரும்பி வந்துவிட்டது. எங்கள் வீட்டு எருமைக்கு ஒரு நாள்கூடத் தண்ணீர் காட்டியிராத மனுசன், அங்கே கழுதைக்கு மருந்து போட்டார், காதில் பஞ்சு அடைத்து நாயைக் குளிப்பாட்டினார். வந்து சாப்பிட உட்கார்ந்தால் அந்தம்மா புராணம்தான். அந்தம்மா தரையில்தான் உட்காருவாங்க, அந்தம்மா நாய் தின்ன பிறகுதான் சாப்பிடுவாங்க. "எனக்கும் அப்படித்தானுங்க, நீங்க தின்ன பொறவுதான் சாப்பிடறேன்" என்றேன். அவருக்கு அது உறைக்கவில்லை. குழம்பு கேட்டார்.

சந்தேகப்படவும் வழியில்லை. அவள் அவரை "அண்ணா" என்று கூப்பிட்டாள். என்னைப் பார்த்தால் "அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை என் கையைப் போலவே காய்த்திருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கிடாய் வெட்டு நடந்தே ஆக வேண்டும், அதுவும் ஊரைக் கூட்டி நடக்க வேண்டும். வேண்டுதல் வைத்தவள் நான், காலை நீவிவிட்டவள் நான், இந்த மனுசனை நடக்கவைத்தது என் வேண்டுதல்தான் என்று முனியப்பன் சன்னதியில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஊர்ஜிதம் ஆக வேண்டும். தேதி குறித்து, பங்காளி, மாமன் மச்சான் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். "உன்ற வேண்டுதல், உன்ற இஷ்டம்" என்று மட்டும் அவர் சொன்னார்.

சேதி பண்ணைக்கும் போயிருக்கிறது. அவள் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கட்டுத்தரையில் கிடாய்க்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டுக்கொண்டாள். அந்த நன்றி கெட்டது அவள் துப்பட்டா நுனியை மென்றுகொண்டே அவள் மடியில் தலையை வைத்தது. குட்டியிலிருந்து தழை போட்டவள் நான் நிற்கிறேன்.

"இதுக்குப் பேர் என்ன அண்ணி?"

"சாமி கிடாய்க்குப் பேரு வெக்க மாட்டோம்ங்க."

அவள் கொஞ்ச நேரம் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து என் முன்னால் கைகூப்பினாள். "உங்க வேண்டுதல்ல தலையிட எனக்கு உரிமை இல்லை. விட்டுடுங்கன்னு ஒரு தடவை கேக்கணும்னு தோணுச்சு. கேட்டுட்டேன்."

"மாத்த முடியாதுங்க."

"சரி அண்ணி" என்றாள். உபதேசம் இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு வாய்ச் சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வாசல் வரை போய் வழியனுப்பினேன், வேறென்ன செய்ய.

கிடாய் வெட்டு அன்று கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம் நிறைந்துவிட்டது. மசாலா அரைத்தாயிற்று, அண்டாவில் தண்ணீர் கொதித்தது. எங்கள் வழக்கத்தில் கிடாயை இழுத்துவந்ததும் வெட்டிவிட முடியாது. சாமி உத்தரவு கொடுக்க வேண்டும். பூசாரி கிடாய்க்கு மாலை போட்டு, முதுகிலும் தலையிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அது உடம்பை ஒரு உதறு உதற வேண்டும். அதைத்தான் துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் யாரும் கத்தியைத் தொடக்கூடாது.

பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடாய் மாலையிலிருந்த பூவை மேய்ந்தது.

இன்னொரு செம்பு ஊற்றினார். அது தலையைத் தூக்கி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. துலுக்கவில்லை. கற்பூரம் காட்டி மறுபடியும் ஊற்றினார். ஆடு என்றால் ஈ உட்கார்ந்தாலே உதறும். இது கல்லாட்டம் நின்றது. மாமனார் வழிப் பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் பின்னால் ஒருத்தி சொன்னாள்: "அந்தம்மா ஊடு தேடி வந்து கும்பிட்டுக் கேட்டாங்களாமா. அவீங்க மனசு நொந்துருக்கும். அதான் சாமி ஏத்துக்க மாட்டேங்குது."

என் சாமி, என் கோயில், என் கிடாய். அதற்குள்ளும் அவள் வந்து நின்றுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நேர்ந்தவீங்களே வந்து ஊத்துங்க அம்மிணி" என்றார் பூசாரி. அதுவும் வழக்கம்தான். நான் செம்பை வாங்கிக்கொண்டு கிடாயின் பிடரியைப் பிடித்தேன். கை வழுக்கியது. விளக்கெண்ணெய். கழுத்து, முதுகு முழுக்க மயிர்க்காலோடு அழுத்தித் தேய்த்திருந்தது. ஊற்றிய தண்ணீரில் ஒரு சொட்டும் தோலுக்குப் போகாமல் வழிந்து இறங்கியிருக்கிறது. காதுக்குள் விரலை விட்டேன். உள்ளே பஞ்சு. தண்ணீர் காதில் இறங்கினால் எப்பேர்ப்பட்ட ஆடும் துலுக்கும் என்று தெரிந்த கை அடைத்த பஞ்சு. அங்கே கூடியிருந்தவர்களில் நாயைக் குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வைக்கும் பழக்கம் ஒருவருக்குத்தான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர் எதிரில் நின்றார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. என் கண்ணைப் பார்த்தார், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

பஞ்சை உருவிவிட்டுச் செம்பைக் கவிழ்த்தால் போதும். கிடாய் துலுக்கும், வேண்டுதல் என்னுடையது ஆகும், ஊர் வாய் அடங்கும். செம்பு கையில் கனத்தது. ஆனால் பஞ்சை எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். சாமியை ஏமாற்றப் பார்த்தவன் என்று பங்காளிகள் அத்தனை பேரும் அவர் மேல் பாய்வார்கள். இத்தனை வருடம் திட்டியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். அடுத்தவர் முன்னால் அவரைத் தலைகுனிய விட்டதில்லை.

தண்ணீரை முதுகில் ஊற்றினேன். கிடாய் சும்மா நின்றது. "சாமிக்கு இஷ்டமில்லை போலிருக்குங்க" என்று செம்பைப் பூசாரியிடம் கொடுத்தேன்.

வந்த சனத்துக்குச் சோறு போட வேண்டுமே. பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி பிராய்லர் கோழி வரவழைத்து, கிடாய்க்கு அரைத்த மசாலாவைப் போட்டுக் குழம்பு வைத்தோம். கோழியிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லை.

திரும்பும்போது டெம்போவின் பின்னால் பாத்திரங்களுக்கு நடுவில் நானும் அவரும் கிடாயும்தான். நான் எண்ணெய்க் கையை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஆருக்காகங்க இது? அந்தம்மாவுக்காகத்தான?"

மெயின் ரோடு திரும்பிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். "நீ கிடாயை வெட்ட வரலை அம்மிணி. அவீங்களை வெட்டற மாதிரி வந்து நின்ன. அது பாவம், என்ன பண்ணுச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப அவீங்களைப் பார்க்கத்தான கேட் வரைக்கும் நடந்தீங்க? நான் கெஞ்சினப்ப நடக்காத கால்தான அது?"

"உன்ற முன்னால உழுந்தா நீ அழுவ" என்றார். "ஒவ்வொரு வாட்டியும் நான் உக்காரறப்ப உன்ற மூஞ்சி போற போக்கை நான் பார்த்திருக்கறேன். அதுக்குப் பயந்துட்டே எந்திரிக்காம கெடந்தேன். அங்க உழுந்தா சிரிக்கத்தான் ஆளு இருக்கும், அழ ஆருமில்லை. அதான் நடந்தேன். அங்க ஒரு நடிகை இருந்தாலுஞ் சரி, கழுதை இருந்தாலுஞ் சரி."

சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார். முகத்தைத் துடைக்க எனக்கு எண்ணெய் படாத கை ஒன்றுதான் இருந்தது.

இதோடு என் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாள் காலையில் சொசைட்டிக்கு வந்த முதல் கேனே, "அந்தம்மா பேச்சைக் கேட்டு மனசு மாறிட்டீங்களாமா, நல்ல காரியமுங்க" என்றது. அடுத்த கேனும் அதையே சொன்னது. நான் கிடாயை வெட்டினால் அவள் மனம் நோகும், வெட்டாவிட்டால் அவள் புண்ணியம். எப்படிப் பார்த்தாலும் பேர் அவளுக்குத்தான்.

இரண்டொரு நாளில் அவளே வந்தாள். கூட, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். எங்கள் வீட்டுக்காரர் அப்போதுதான் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார், அப்படியே சுவரோரம் நின்றுவிட்டார். அவள் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது, அதில் நடிப்பு இல்லை. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல நான் சொன்னதாலன்னு பேசிக்கறாங்க அண்ணி. எனக்கு அப்படித் தோணலை. அன்னைக்கு நீங்க அவ்வளவு உறுதியா இருந்தீங்க. நிஜமா என்னதான் நடந்தது? சொல்லுங்க, நாலு பேர் கேட்டா நாலு உயிர் பிழைக்கும்."

இதற்கும் குறை சொல்ல முடியாது. ஊர் அள்ளிக் கொடுத்த பேரை அவள் வேண்டாம் என்று என்னிடமே திருப்பித் தருகிறாள். நான் வாயைத் திறந்தால் போதும். எண்ணெய் தேய்த்து, காதில் பஞ்சு வைத்து, சாமிக்குப் பயப்படாமல் ஒரு உயிரைக் காப்பாற்றியவர் இதோ நிற்கிறார் என்று சொன்னால், இவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். அவரை இவளுக்கு இன்னும் பிடித்துப்போகும். பேச்சு அதோடு நிற்காது, வீட்டில் என் முன்னால் நடக்காத மனுசன் பண்ணைக்கு மட்டும் ஏன் நடந்தார் என்பதையும் கேட்பாள். அதையும் சொல்ல வேண்டிவரும்.

அவர் சுவரோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் நடக்கலீங்க" என்றேன். "கிடாய் துலுக்கலை. அவ்வளவுதான்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். அவர் வழக்கம்போல அவள் கூடப் பண்ணைக்குப் போனார், கைத்தடியை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு.

ஊசி போட அவர் நாயைப் பிடிக்கிற விதம் அவளுக்குத் தெரியும். வண்டி ஓட்டுகிற அழகு தெரியும். வீட்டில் நான் பார்த்தே இராத சிரிப்பு ஒன்று அவரிடம் இருக்கிறதாம், ஊரில் சொல்கிறார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும். என் அழுகைக்குப் பயந்து ஒரு மனுசன் எழுந்திரிக்காமல் கிடந்தது மட்டும் அவளுக்குத் தெரியாது. அதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொள்வது?